குடோன் பாட்டு

மேல்வீட்டில் மறுபடியும் 'டும் டும் டும்' என்று ஆரம்பித்துவிட்டது.

கீழ்வீட்டு ஆடிட்டர் பேனாவை மூடினார்.

"மேல, மாமனாருக்குக் கை கால் நடுக்கம். வெளியே தலைகாட்டியே மாசக்கணக்காச்சு. மருமக அடிக்கற கூத்தைப் பாரு!"

"நமக்கு எதுக்குங்க வம்பு?" என்றாள் மனைவி.

"வம்பு என்ன வம்பு? பல வருஷம் என்கூட பாட்மிண்டன் ஆடின மனுஷன்டி. பார்க்கப் போனா, 'மாமா தூங்கறார்'னு வாசலோட அனுப்பிடறா. இந்தச் சத்தத்துல யாருக்குத் தூக்கம் வரும்?"

விறுவிறுவென்று மாடியேறி மணியை அடித்தார்.

மருமகள் கதவைப் பாதிதான் திறந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னம்மா பாட்டு இது?"

"ஹவுஸ் மியூசிக், சார்."

"ஹவுஸா? இதைப் போட்டா வீட்டுல இருக்கறவனே வெளியே ஓடிடுவான். இதுக்குப் போய் வீடுன்னு எவன் பேர் வெச்சான்?"

அவள் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வீடு இல்ல சார். சிகாகோவுல 'வேர்ஹவுஸ்'னு ஒரு டான்ஸ் கிளப் இருந்துச்சாம். அங்க போடற பாட்டு வேணும்னு ஜனங்க ரெக்கார்டு கடையில கேட்டுக் கேட்டு, 'வேர்' போய் 'ஹவுஸ்' மட்டும் நின்னுடுச்சுன்னு சொல்றாங்க."

"வேர்ஹவுஸ்னா குடோன்தானே? அப்ப இது குடோன் பாட்டு. அதைக் குடோன்லயே வெச்சுக்க வேண்டியதுதானே! முடியாத மனுஷனை வீட்டுல வெச்சுக்கிட்டு உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள். கண் கலங்கியது.

"தப்புதான், சார்."

கையிலிருந்த போனை அழுத்தினாள். வீடு கப்சிப்பென்று ஆனது.

"இந்தப் புத்தி முன்னாடியே இருந்திருக்கணும்" என்றபடி ஆடிட்டர் ஒரு படி இறங்கினார்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"நிறுத்தாதேம்மா, கூடத்து நடுவுல கால் ஒட்டிக்கிச்சு! அந்தத் தாளம் கேட்டாத்தானே எனக்கு அடுத்த அடி எடுத்து வைக்க வருது... என்னை இந்தக் கோலத்துல யாரும் பார்க்க வேணாம்னு நான்தான் உன் வாயைக் கட்டிப்போட்டேன். பரவாயில்ல, அவரை உள்ள கூப்பிடு."