ஊருக்கு வெளியே ஒரு வீடு

"ஊர்லயே இல்லாத வூட்ட எதுக்கும்மா வரையற?" என்று பதறினார் சுந்தர்ராஜ்.

தாட்சாயணி காதில் வாங்கவில்லை. தெருவில் கோலப்பொடியால் வரைந்திருந்த ஊர்ப் படத்தில், பஸ் ஸ்டாப்பையும் தாண்டி, ஓரமாக ஒரு சதுரம் போட்டாள்.

புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஏழை யார் என்று சுந்தர்ராஜ் வேலை பார்க்கும் சொசைட்டி இப்படித்தான் கண்டுபிடிக்கும். பெண்கள் ஒன்றுகூடி ஊரை வரைவார்கள். எந்த வீடு ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறதோ, அதன்மேல் புளியங்கொட்டை வைப்பார்கள். கொட்டை எங்கே குவிகிறதோ அங்கே முதல் உதவி.

ஆனால் வறுமையை ஒழிக்கவென்று தனியாக நடந்துவந்த அந்தச் சொசைட்டியே இந்த மாதத்தோடு அரசுத் துறையில் கரையப் போகிறது. "வறுமைய ஒழிக்கச் சொன்னா, நம்மள ஒழிச்சுட்டாங்க" என்று சுந்தர்ராஜ் ஆபீசில் ஜோக்கடித்தார். சிரிக்கத்தான் ஆளில்லை. எல்லோரும் சித்தூரில் நல்ல நாற்காலி பிடிக்கப் போயிருந்தார்கள்.

துறை அதிகாரி ஹேமநாத் இன்று நேரில் பார்க்க வந்திருந்தார். ஜீப்பை அவரே ஓட்டினார். பக்கத்து சீட்டிலிருந்து சுந்தர்ராஜ் அள்ளிவிட்ட எந்த ஜோக்குக்கும் அவர் சிரிக்கவில்லை. ரோடு மோசம், அதனால்தான் என்று சுந்தர்ராஜ் சமாதானப்பட்டுக்கொண்டார்.

அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் புளியங்கொட்டை துறையிலும் தொடரும். சுந்தர்ராஜும் ஊர் ஊராக வந்து போய்க்கொண்டிருக்கலாம். பிடிக்காவிட்டால், இனி ஏழையைக் கம்ப்யூட்டர் தேடும். சுந்தர்ராஜுக்குச் சித்தூரில், சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை. சுவரிடம் என்னத்தைப் பேசுவது?

"அது எவரி இல்லு? யாரு வீடும்மா?" என்றார் ஹேமநாத்.

"ஒரு ஆளு சார். பாவம், ரொம்ப கஷ்டம்." தாட்சாயணி தன் கையிலிருந்த கொட்டை முழுவதையும் அந்தச் சதுரத்தில் கொட்டினாள்.

"கூலி வேலையா?"

"இல்ல சார். மாசச் சம்பளம்."

ஹேமநாத்தின் புருவம் ஏறியது. கர்த்தாவே, மானம் போச்சு என்று சுந்தர்ராஜ் மனசுக்குள் முனகினார். இவள் தன் ஆள் யாரையோ உள்ளே நுழைக்கப் பார்க்கிறாள்!

குனிந்து கிசுகிசுத்தார். "யாரும்மா அது? உன் தம்பியா?"

"கூடப் பொறந்தா மாதிரிதான்."

"கெட்டுது குடி! அதுக்கு இன்னிக்கிதான் நாளா?"

அதற்குள் மற்றப் பெண்களும் அங்கேயே கொட்டை போட ஆரம்பித்தார்கள். துர்காதேவிகூட! அவள் வீட்டில் மழை வந்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும்.

"ஏம்மா துர்கா, உன் கூரையே ஒழுகிக்கினு கீது. நீயும் ஏன் அங்க போய் வெக்கற?"

"ஒழுவுதுன்னு பொலம்பினா கேக்கறதுக்கு எங்கூட்ல நாலு பேரு கீறாங்க. அந்த ஆளுக்கு யாரு கீறா?"

"பண்டிகை வந்தா ஓட்டல மூடிக்கினு பூடறாங்க சார்" என்றாள் தாட்சாயணி, அதிகாரியைப் பார்த்து. "ஊரே கறி துன்னும். அந்தாளு பன்னு துன்னுட்டுப் படுத்துக்குவாரு."

"பன்னு துன்றது ஒரு கஷ்டமா?" சுந்தர்ராஜுக்குக் குரல் உயர்ந்தது. "சார், இத விட்ருங்க. சம்பளம் வாங்கறவன் ஏழை இல்ல. ரூல்னா ரூலுதான்!"

"போன மாசம் காய்ச்சல்ல கெடந்தாரு. கஞ்சி வெச்சிக் குடுக்க நாதி இல்ல."

"காய்ச்சல் யாருக்குத்தான் வரல? எனக்குந்தான் வந்துது. ரெண்டு மாத்திரய முழுங்கிட்டு எழுந்து வரல? செத்தா பூட்டேன்?"

சொல்லிவிட்டுத் தானே பெரிதாகச் சிரித்தார். கூடச் சிரிக்க ஒருத்தியும் சேரவில்லை. துர்காதேவி மிச்சமிருந்த கொட்டையையும் அந்தச் சதுரத்திலேயே வைத்தாள்.

ஹேமநாத் பேனாவைத் திறந்தார். "சரிம்மா, நான் விசாரிக்கறேன். அந்த ஆளு பேரு என்ன? எங்க இருக்காரு?"

தாட்சாயணி கையில் ஒட்டியிருந்த கோலப்பொடியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பேரு எதுக்கு சார்? நீங்கதானே ஜீப்புல பக்கத்துல குந்த வெச்சிக் கூட்டினு வந்தீங்க."