நிலை: உயிருடன்

'சுழிநாடு' என்ற சித்திரக்கதைத் தொடருக்கு ரசிகர்கள் இணையத்தில் நடத்தும் கலைக்களஞ்சியத்தில் இருதயராஜ் வைத்த விதி ஒன்றுதான். கதைக்கு வெளியே உள்ள எதுவும் கட்டுரைக்குள் வரக்கூடாது. வந்தால் கடைசியில் 'துணுக்குகள்' பகுதியில், ஆதாரத்தோடு வர வேண்டும். அந்தக் கதையில் வரும் படகோட்டி வேம்பனைப் பற்றிய பக்கத்தில் மேகலை என்ற பெண், 'இந்த முகம் என் அப்பாவுடையது, ஓவியர் எங்கள் மாடியில் குடியிருந்தவர்' என்று மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் அவர் நீக்கினார். நான்காம் முறை ஒரு புகைப்படம் வந்தது. அதே நெற்றித் தழும்பு, அதே கிழிந்த சட்டைப்பை. துணுக்கில் சேர்த்துவிட்டு அவளுக்குத் தெரிவித்தார்.

"அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு சார்," என்று பதில் எழுதினாள். "வேம்பன் பக்கத்துல மேலே 'நிலை: உயிருடன்'னு இருக்கு. துணுக்கைப் பார்த்துட்டு யாரும் அதை மாத்திட மாட்டாங்களே?"

"மாத்த விடமாட்டேன்மா. கதையில நடந்தா மட்டும்தான் அது மாறும்."

மறுநாள் புதிய இதழ் தபாலில் வந்தது. அட்டையில், ஆற்று நடுவே கவிழ்ந்து கிடந்தது வேம்பனின் படகு. இதழ் கைக்கு வந்த ஒரு மணி நேரத்தில் களஞ்சியத்தைத் திருத்திவிடுகிறவர், அதை உள்ளே புரட்டிப் பார்க்காமல் மேஜைமேல் குப்புற வைத்தார்.