வண்டி வந்த காலை

அருளானந்து தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகுவார். மணல் நிரப்பிய பாட்டில்களைத் தோள்வரை தூக்குவார். "இந்த வயசுல என்னப்பா பயில்வான் வேஷம்?" என்று மகன் ஜெரால்டு சிரிப்பான். பக்கவாதத்தில் கிடக்கும் அம்மாவைத் தூக்கிப் பராமரிக்க அப்பாவால் ஆகாது என்று அவனே முடிவுகட்டி, ஒருநாள் முதியோர் இல்லத்து வண்டியை வரவழைத்துவிட்டான்.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே வந்ததும் அவர் மகன் பக்கம் திரும்பினார். "எம் பொண்டாட்டிய அனுப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாலே?"

முழங்காலை மடக்கிக் குனிந்தவர், மெலிந்து கிடந்த பிலோமினாவை இரு கைகளிலும் ஏந்தி நிமிர்ந்தார்.

"விழுந்திருவீயப்பா!" என்று ஜெரால்டு பதறினான்.

பிலோமினா நல்ல கையை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "திரும்பக் கட்டில்ல போட்றாதீய. வெயில் பாத்து எவ்வளவு நாளாச்சு."

அவர் படியிறங்கி, நின்றிருந்த வண்டியைத் தாண்டித் தெருவில் நடந்தார்.