பின்னட்டை நலம்விரும்பி

“மூச்சு எப்பவோ நின்னுடுச்சு. அடக்கம் எப்பன்னு மட்டும் முடிவு பண்ணிடுவோம்,” என்றார் பொருளாளர்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவர் ஊட்டி வளர்த்த பிள்ளை அது. சதுரங்கச் சங்கத்தின் மாத இதழ், செயற்குழு மேசையில் அவர் கண்ணெதிரிலேயே கிடத்தப்பட்டிருந்தது.

“விளம்பரம் ஒண்ணுகூட இல்லாம எப்படி சார் நடத்துறது?” என்றார் பொருளாளர்.

விளம்பரங்கள் ஏன் ஓடிப்போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்தை இரங்கல் செய்திக்கு நேர் கீழே போட்டவர் ஆசிரியர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையின் தொலைபேசி எண்ணைத் தப்பாக அச்சிட்டவரும் அவரேதான். அதைக் கடைக்காரரே ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தார்.

“வேணும்னா தலையங்கத்தைக் கொஞ்சம் சுருக்கி...” என்று ஆசிரியர் இழுத்தார். சொல்லும்போதே கழுத்தில் கத்தி வைத்தது போலிருந்தது.

“சுருக்கினா என்ன, நீட்டினா என்ன? படிக்கிறது யாரு?”

செயலாளர் நல்ல மனிதர். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த மாதம் இதழ் வரவில்லை. ஆசிரியர் வீட்டில் இருந்தார்.

வீட்டின் முன்னறையில் அவர் மனைவி தையல் கடை நடத்திவந்தாள். சும்மா உட்கார மனம் வராமல் ஆசிரியர் உதவிக்கு இறங்கினார். சதுரங்கக் காய் போல நடுக்கட்டத்தில் இருந்தால்தான் பலம் என்று கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, துணியில் கோடு போடும் சோப்புக்கட்டி எல்லாவற்றையும் மேசையின் மத்தியில் குவித்தார். துணி வெட்டத்தான் இடமில்லை.

அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நகர முடியாமல் நின்ற நேரம் பார்த்து, தன் பழைய தலையங்கம் ஒன்றை முழுவதுமாக வாசித்துக் காட்டினார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க,” என்று சொல்லிவிட்டுப் போன அந்தப் பெண்மணி, கொடுத்த துணியை வாங்கக்கூடத் திரும்பி வரவில்லை.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. “என்னங்க, கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்களேன்,” என்று மட்டும் சொன்னாள். ஆசிரியர் தெருமுனை வரை நடந்துவிட்டு, அவளுக்கு ஒத்தாசையாக இருக்குமே என்று உடனே திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் செயலாளர் வீடு தேடி வந்தார்.

“ஆசிரியரே, உயிர் வந்துடுச்சு! பின்னட்டை முழுசும், ஒரு வருஷத்துக்கு விளம்பரம் கிடைச்சிருக்கு!”

“எந்தக் கம்பெனி சார்?”

“கம்பெனி எல்லாம் இல்ல. பேரே வேண்டாமாம். ‘வாழ்த்துகளுடன், ஒரு நலம்விரும்பி’ன்னு போட்டாப் போதுமாம். ஆனா நிபந்தனை இருக்கு. தலையங்கம் நீங்கதான் எழுதணும். ஒரு வரிகூடக் குறைக்கக் கூடாது. அப்புறம், எழுதுறது, பிழை திருத்துறது எல்லாத்தையும் சங்க ஆபீஸ்லயே உட்கார்ந்து செய்யணுமாம். தினமும்.”

ஆசிரியர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். விற்க ஒரு சாமானும் இல்லை, பெயர் போடவும் ஆசையில்லை. தலையங்கத்துக்காகவே ஒருவர் பின்னட்டையை வாங்கியிருக்கிறார்!

“அவசரத்துல கிறுக்காம, முழு மூச்சா எழுதணும்னு எதிர்பார்க்கிறார் சார். ரசிகன்னா இவன் ரசிகன்!”

செயலாளருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

ஆசிரியர் மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியா? என் எழுத்தோட அருமை தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்!”

“இருக்காம இருப்பாங்களா?” என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி. “மத்தியானத்துக்கும் சாப்பாடு கட்டிக் குடுத்துடறேன். நடுவுல எதுக்கு அலைச்சல்?”

மறுநாளிலிருந்து ஆசிரியர் இஸ்திரி போட்ட சட்டையில் சங்கத்துக்குப் போனார். பொருளாளர் எதிர்ப்படும்போதெல்லாம், “நம்ம நலம்விரும்பிக்கு இதெல்லாம் பிடிக்காது,” என்று ஒரு குட்டு வைத்தார். தலையங்கம் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. ‘முகம் காட்டாத அந்தப் பெருந்தகை’ அதில் பத்திக்கு ஒரு முறை தலைகாட்டினார்.

முகம் தெரியாத அந்த ரசிகரை நினைத்து வழியில் தனக்குத்தானே சிரித்துக்கொள்ளவும் பழகிவிட்டார். ஒரு நாள் தேடி வருவார், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுவார். அப்போது என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

இதழ் அச்சாகி வந்த அன்று, மை வாசனை போவதற்குள் மனைவியிடம் காட்டிவிட வேண்டும் என்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

தையல் இயந்திரத்தின் சத்தம் இல்லை. அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். திடுக்கிட வைக்கலாமென்று ஆசிரியர் இதழை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்தார்.

அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

“முன்னட்டையையும் நானே எடுத்துக்கறேன் செயலாளர் சார், இதை வாரப் பத்திரிகையா மாத்திடுங்க!”