எவ்வளவு வரை பயமில்லை

பரிசோதனைக்கூடத்து ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மேசைமேல் சரிந்து கிடக்கிறது. குளிர்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. கணினித் திரையில் ஊசிபோல எழுந்து நிற்கும் வரைபடக் கோட்டையே ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி சோதித்தபோதும் அது அதே உயரத்துக்குத்தான் எழுந்திருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான தானிய மாவில் பூஞ்சை நஞ்சு. உடம்புக்குள் போய் மரபணுவையே சிதைக்கக்கூடியது. திறந்து கிடக்கும் பாக்கெட்டின் மஞ்சள் நிறம் அவள் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. மகளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து இதே மாவுதான். பின்னால் வந்து நிற்கும் தலைமை ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "சார், எவ்வளவு வரைக்கும் உள்ள போனா பயமில்லை?" ஊராருக்கெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதித் தருபவளே அவள்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். "உனக்குத் தெரியாததா, மா? குறைச்சலாப் போனா ஆபத்து குறைச்சல். இதுக்குக் கீழ பயமே இல்லைன்னு இதுல கோடு போட முடியாதே." கடைகளில் விற்பனையை நிறுத்தச் சொல்ல அவர் தொலைபேசியை நோக்கி நடக்கிறார். அவள் கைப்பேசியை எடுத்து வீட்டுக்கு அழைக்கிறாள். "பாப்பா சாப்பிட்டாளா?" கணவனின் குரலில் பெருமை வழிகிறது. "இன்னைக்கு அடமே பிடிக்கல. கிண்ணத்தையே வழிச்சுச் சாப்பிட்டுட்டா. இன்னும் வேணுமாம், கலந்துட்டிருக்கேன்." "வேண்டாம்," என்கிறாள். தன் காதுக்கே எட்டாத குரலில் சொன்னது தெரிந்து, எழுந்து நின்று மறுபடி சொல்கிறாள். அந்தப் பக்கம் கரண்டியின் சத்தம் நிற்கிறது. மகள் அழத் தொடங்குகிறாள்.