பழைய லேப்டாப் விற்பனைக்கு

“கடைக்காரன் எக்ஸ்சேஞ்சுக்குத் தர்ற காசுல ஒரு நல்ல செருப்புகூட வாங்க முடியாதுங்க. நாமளே விளம்பரம் போட்டு வித்தா ரெண்டு மடங்கு கிடைக்கும்” என்றாள் அவள்.

கணவன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“கிடைக்கும். கூடவே தலைவலியும் கிடைக்கும். முன்னப்பின்ன தெரியாதவன்லாம் வீட்டுக்குள்ள வருவான். ஓடுதா, சூடாகுதான்னு குடைவான். வாங்கிட்டுப் போனப்புறம் திரும்பி வந்து சண்டைக்கு நிப்பான். கடைன்னா குடுத்தோமா, புதுசை எடுத்தோமா, வந்தோமான்னு இருக்கும்.”

“உங்களுக்குச் சோம்பேறித்தனம்.”

“அப்படியே வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய்க் கடையில தள்ளிடறேன்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பல் மருத்துவரிடம் வருகிறவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்து டோக்கன் கொடுத்துச் சம்பாதிக்கிறவள் அவள். நன்றாக ஓடுகிற லேப்டாப்பை அடிமாட்டு விலைக்கு விட எப்படி மனசு வரும்?

மறுநாள் கணவன் வேலைக்குப் போனதும், அவன் அறையில் மேஜை மேல் இருந்தபடியே அதைப் படம் எடுத்து, பழைய பொருள் விற்கிற தளம் ஒன்றில் போட்டுவிட்டாள். விற்ற பணத்தை நீட்டும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை.

மதியமே போன் வந்தது. ஒரு பெண். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டீங்களாம்மா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அப்படியேதான் இருக்கு.”

“அப்படியே இருக்கட்டும். நான் வந்துடறேன்.”

சாயங்காலம் வாசலில் வந்து நின்றவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த தலையை இழுத்து வாரி முடிந்திருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. லேப்டாப்புக்கும் அவளுக்கும் ஒட்டவே இல்லை.

அறைக்குள் கூட்டிப் போனதும், வந்தவள் மேஜைப் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“திரைச்சீலை பச்சையா இருக்குமே. மாத்திட்டீங்களா?”

“போன மாசம்தான் மாத்தினோம். நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?”

“இல்லம்மா. இந்தத் தெருவையே இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் சுவரை நெருங்கினாள். மழைநீர் இறங்கி, கழுத்தை நீட்டிய கொக்கு மாதிரி கறை பிடித்திருந்த இடம் அது. கண் தெரியாதவர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் விரல்களால் அதை மெல்லத் தடவினாள்.

“லேப்டாப்பைப் பாருங்கம்மா. பேட்டரி நல்லா நிக்கும். ஒரு கீறல் கிடையாது.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“ஃபேனைக் கொஞ்சம் போடறீங்களா?”

“வெளியில மழை பெய்யுது. குளிரலையா உங்களுக்கு?”

“ஒரே நிமிஷம் போடுங்க.”

மின்விசிறி சுழன்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் வழக்கம்போல் ஒரு ‘கிறீச்.’ வந்தவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பழகிய பாட்டைக் கேட்கிறவள் மாதிரி அவள் தலை அந்தச் சத்தத்துக்குச் சரியாக அசைந்தது.

இது பைத்தியமா, வேறு ஏதாவதா? அவள் மெல்லப் பின்வாங்கி அறை வாசலில் நின்றுகொண்டாள்.

“நீங்க யாரு? லேப்டாப் வாங்கத்தான் வந்தீங்களா?”

“பயப்படாதம்மா.” வந்தவள் கண்ணைத் திறந்தாள். “நான் ரொம்ப நாளா விளம்பரம் பாக்கறேன். கட்டில், சைக்கிள், தையல் மிஷின்னு எதையும் விடறதில்ல. விக்கிற பொருளைப் பாக்க மாட்டேன். அதுக்குப் பின்னாடி தெரியற சுவத்தைத்தான் பாப்பேன்.”

“சுவத்தையா? எதுக்கு?”

“என் பொண்ணு காலேஜ்ல படிச்சிட்டிருந்தா. யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல நைச்சியமாப் பேசிப் பேசி அவ படமெல்லாம் வாங்கிட்டான். அப்புறம் அதை வச்சே மிரட்டினான். கடைசியா வீடியோ கால்ல அவன்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு அழுதிருக்கா. அதைப் பதிவு பண்ணி எனக்காக வச்சுட்டுப் போயே போயிட்டா. அதுல எங்கயும் அவன் முகம் இல்ல. குரல் இருக்கு. இந்த ஃபேன் சத்தம் இருக்கு. இந்தச் சுவர் இருக்கு. ஜன்னல்ல பச்சைத் திரைச்சீலை இருக்கு.”

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

“இது வாடகை வீடும்மா. எங்களுக்கு முன்னாடி யாராவது இங்க…” என்று ஆரம்பித்தவள் ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பச்சைத் திரைச்சீலையை வாங்கித் தைத்து மாட்டியதே அவள்தான்.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. குடையை உதறியபடி கணவன் குரல் கொடுத்தான்.

“வாசல்ல யார் செருப்பு அது?”

அந்தக் குரலைக் கேட்டதும் வந்தவள் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“யாருன்னு கேக்கறேன்ல?” காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்தது.

அவள் லேப்டாப்பை மூடி, அந்தத் துணிப்பைக்குள் இறக்கி, வந்தவள் தோளில் மாட்டிவிட்டாள்.

“லேப்டாப் வாங்க வந்தவங்க” என்றாள், அறைக்குள் நுழைந்த கணவனின் முகத்தைப் பார்த்து. “வித்துட்டேன். உள்ள இருக்கறதோட சேத்து.”