இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஓடிய ஊசி

கணினியின் சேமிப்புத் தட்டில் தகவல்களைத் தேடிப் படிக்கும் ஊசி ஒன்று இருந்தது. அதிலிருந்த ஒரு பக்கத்தில் பெயர்கள் பெருகி இடம் போதாமல் போனதால், அந்தப் பக்கம் அக்கா, தங்கை என்று இரண்டாகப் பிரிந்தது. தங்கைக்குத் தட்டின் கடைசி ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. ஊசி அக்காவைப் படித்துவிட்டுத் தங்கையிடம் ஓடும்.

“ஊசியண்ணே, அவளை நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்பாள் அக்கா.

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. இங்க பேச ஆளில்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்பாள் தங்கை.

ஊசிக்கு அலுத்துப்போனது. கணினியைப் பராமரிக்கும் கண்காணிப்பாளரிடம் முறையிட்டது: “ஓடி ஓடியே என் உயிர் போகுது சார்.”

அவர் தட்டை அளந்து பார்த்தார். சிதறிக் கிடந்த பக்கங்களை வரிசைப்படுத்தி, தங்கையை அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

அன்று ஊசி ஒரே வீச்சில் இருவரையும் படித்து முடித்தது. அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. அண்ணே என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

“இப்ப நிம்மதிதானே?” என்றார் கண்காணிப்பாளர்.

“நிம்மதிதான் சார்” என்றது ஊசி.

அவர் போனதும், யாரும் அனுப்பாமலே ஊசி, முன்பு தங்கை இருந்த ஓரத்துக்கு ஓடியது. அங்கிருந்த வெற்றிடத்திடம் குனிந்து கேட்டது:

“அக்காவுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?”